ஆறு வயதுக் கரும்புத் தொட்டில்

என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களுக்கு மிஷின் ஓடுகிற நேரத்தில் செய்ய வேறு வேலை இருக்காது. அதனால் அறிவுரை சொல்வார்கள். தாலுகா ஆபீஸ் பக்கத்துச் சந்தில் கடை என்பதால், செஞ்சியைச் சுற்றியிருக்கும் அத்தனை ஊர் அறிவுரையும் எனக்கு உட்கார்ந்த இடத்துக்கே வந்து சேரும். போன வருஷம் ஆடி மாதம் முழுக்க அவர்கள் சொன்னதெல்லாம் ஒரே விஷயத்தைப் பற்றித்தான். ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பெண்ணைக் கரும்புத் தொட்டிலில் போட்டுத் தூக்கலாமா, கூடாதா?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் பிள்ளை வரம் கேட்கிறவர்கள், பிறந்தால் கரும்புத் தொட்டிலில் போட்டுக் கோயிலைச் சுற்றி வருகிறோம் என்று வேண்டிக்கொள்வார்கள். சில கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, நடுவில் மஞ்சள் புடவையைத் தூளியாகத் தொங்கவிட்டு, பிள்ளையை அதில் கிடத்தி, முன்பக்கம் அப்பாவும் பின்பக்கம் அம்மாவும் தோளில் வைத்துக்கொண்டு நடப்பார்கள். பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும். பாதித் தெரு தாண்டுவதற்குள் தூங்கிவிடும். பார்க்கிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். என் மகளோ அப்போது என் நெஞ்சு உயரத்துக்கு வளர்ந்து, முன்பல் இரண்டும் விழுந்து, சைக்கிள் கேட்டு அடம்பிடித்துக்கொண்டிருந்தாள்.

வேண்டுதலை நாங்கள் மறந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். பிறந்த மறு வருஷம் ஊரடங்கு, கோயில் கதவே திறக்கவில்லை. அடுத்த ஆடியும் அப்படித்தான் போனது. பிறகு மாமனார் தவறிப்போனார், வருஷம் திரும்பும்வரை கோயில் காரியம் கிடையாது. அதற்கடுத்த ஆடிக்குக் கரும்பெல்லாம் சொல்லி வைத்துவிட்டோம், மகளுக்கு அம்மை போட்டது. அம்மனே வீட்டுக்கு வந்து வேப்பிலையில் படுத்துக்கொண்ட பிறகு கோயிலில் போய் யாரைப் பார்ப்பது? அதன் பிறகு பிளம்பரான என் வீட்டுக்காரர், யார் வீட்டு மாடித் தொட்டிக்கோ ஏறும்போது ஏணியோடு சரிந்து தோள்பட்டையை உடைத்துக்கொண்டார். தூக்க வேண்டிய தோளே கட்டுப்போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தது. நாங்கள் வருஷா வருஷம் அம்மனிடம் அவகாசம் கேட்டுக்கொண்டிருந்தோம். பிள்ளை யாரிடமும் கேட்காமல் வளர்ந்துகொண்டிருந்தாள்.

போன வருஷம் எப்படியும் தூக்கிவிடுவது என்று முடிவெடுத்தோம். விஷயம் எப்படியோ வெளியே போனது. எப்படியோ என்ன, நானேதான் சொன்னேன். அன்றிலிருந்து கடையில் கூட்டம் கூடிவிட்டது. அவலூர்பேட்டையிலிருந்து பட்டா நகல் எடுக்க வந்த ஒருவர், பிள்ளைக்குப் பதிலாக எடைக்கு எடை வெல்லம் கொடுத்துவிடச் சொன்னார். தளவானூர் அம்மா ஒருத்தி, தன் பேரனுக்கு இப்போதுதான் தலை நின்றிருக்கிறது, வேண்டுமானால் அவனைக் கொண்டுவந்து தருகிறேன், தொட்டிலில் போட்டுச் சுற்றிவிட்டுத் திருப்பிக் கொடு என்றாள். ஒரு வாத்தியார், மகளின் போட்டோவைப் பெரிதாகக் கலர் ஜெராக்ஸ் எடுத்து லேமினேட் செய்து தொட்டிலில் வைத்தால் போதும், மிஷின்தான் உன்னிடமே இருக்கிறதே என்றார். இன்னும் சில வருஷம் பொறுத்தால் மஞ்சள் நீராட்டோடு சேர்த்தே தூக்கிவிடலாம் என்று சிரித்தார் ஒரு பெரிய மனிதர். அவருடைய ஆதார் கார்டை முகம் தெரியாத அளவுக்குக் கறுப்பாக எடுத்துக் கொடுத்து அனுப்பினேன்.

பெரிய பிள்ளையைத் தூக்கினால் நம் ஊரில் யாருக்கும் பொறுப்பதில்லை. மூன்று வயதுக்கு மேல் இடுப்பில் வைத்தாலே, காலில் என்ன குறை என்று நின்று விசாரிப்பார்கள். இதே ஆட்கள்தான், ராஜகிரிக் கோட்டைக்கு ஏற வருகிற வெள்ளைக்காரர் நல்ல வளர்ந்த பையனை முதுகுப் பையில் உட்காரவைத்துக் கட்டிக்கொண்டு படியேறினால், எவ்வளவு பாசம் பார் என்று பக்கத்தில் நின்று செல்ஃபி எடுப்பார்கள். எனக்கு இதையெல்லாம் நினைத்தால் பற்றிக்கொண்டு வரும்.

பூசாரியிடம் போய்க் கேட்டோம். அவர் மட்டும்தான் அறிவுரை சொல்லவில்லை. அம்மனுக்கு எல்லாப் பிள்ளையும் சின்னப் பிள்ளைதான், வயசுக் கணக்கெல்லாம் கிடையாது என்றார். ஒரே ஒரு நிபந்தனை, கோயில் வாசலில் தூக்கியதிலிருந்து திரும்ப வந்து இறக்குகிறவரை பிள்ளையின் கால் தரையில் படக்கூடாது.

இவ்வளவு பேச்சைக் கேட்டுக்கொண்டு நான் ஏன் விடாப்பிடியாக இருந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். கல்யாணமாகி எங்களுக்கு வெகுநாள் பிள்ளை இல்லை. ஒவ்வொரு ஆடியிலும் எங்கள் தெருவழியாகக் கரும்புத் தொட்டில்கள் போகும். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பேன். ஒரு தடவை எதிர்வீட்டு மருமகள் தூக்கிப்போன தொட்டில் எங்கள் வாசலுக்கு நேராக வந்தபோது கரும்பு அவள் தோளிலிருந்து நழுவியது. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். அவள் மாமியார், எதிர்வீட்டம்மா, என் கையை மெதுவாகக் கரும்பிலிருந்து எடுத்துவிட்டார். "நீ வுடும்மா, நாங்க பாத்துக்கறோம்" என்றார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அவர் அவ்வளவு பதமாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோயிலுக்குப் போய் விளக்கேற்றியெல்லாம் நான் வேண்டிக்கொள்ளவில்லை. நின்ற இடத்திலேயே வேண்டிக்கொண்டேன். தாயே, இதே தெருவில் நானும் தூக்கிக்கொண்டு வர வேண்டும், இவர்கள் எல்லாரும் நின்று பார்க்க வேண்டும். அந்த வேண்டுதலில் பக்தி பாதி, ரோஷம் பாதி. சரியாகச் சொன்னால் ரோஷம் கொஞ்சம் தூக்கல்.

ஆடி பிறந்ததும் மொட்டை மாடியில் ஒத்திகை வைத்தோம். அவலூர்பேட்டைப் பக்கம் போர்வெல் பைப் இறக்கப் போன தோட்டத்திலிருந்து என் வீட்டுக்காரர் ஆலைக் கரும்பு கொண்டுவந்திருந்தார். மகளின் எடைக்கு ஈடாக ரேஷன் அரிசி மூட்டையைத் தூளியில் வைத்துத் தூக்கினோம். நாலு எட்டு நடப்பதற்குள் கரும்பு படக்கென்று முறிந்து மூட்டை என் கால்மேல் விழுந்தது. அவர் யோசித்துவிட்டு, நடுவில் ஒரு இரும்புப் பைப்பை வைத்துச் சுற்றிலும் கரும்பைக் கட்டிவிட்டால் வெளியே தெரியாது, ஆயுசுக்கும் முறியாது என்றார். நான் அம்மனிடம் சொன்னது கரும்பு, பைப் இல்லை என்றேன். முணுமுணுத்துக்கொண்டே கரும்பை இரண்டு மடங்காக்கிச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். இந்தத் தடவை முறியவில்லை. ஆனால் மூட்டை வழுக்கிக்கொண்டு வந்து என் வயிற்றில் முட்டியது. அவர் ஸ்டூல் போடாமல் பரணில் சாமான் எடுக்கிற ஆள். நான் என் கடைக் கவுன்டருக்கே ஸ்டூல் போட்டுக்கொள்கிறவள். எவ்வளவு நேராகப் பிடித்தாலும் தொட்டில் என் பக்கம்தான் சரிந்தது. மூட்டையின் அடி தரையில் உரசியது.

பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த டெய்லர் அக்கா இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பாய் வீட்டம்மா, எனக்குக் கூடப்பிறந்தவர் மாதிரி. என் பக்கத்துக் கரும்பைத் தோளில் வைக்காமல் சும்மாடு கட்டித் தலையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். துணியைச் சுருட்டித் தலையில் வைத்து, அதன்மேல் கரும்பை ஏற்றினேன். என் தலையும் வீட்டுக்காரர் தோளும் ஒரே மட்டத்துக்கு வந்தன. மூட்டை அசையாமல் நடுவில் நின்றது. அக்காவே மஞ்சள் பருத்திப் புடவையை இரட்டையாக மடித்து ஓரம் அடித்தும் கொடுத்தார். எல்லாம் தயார், இனி அரிசிக்குப் பதில் பிள்ளையை வைக்க வேண்டியதுதான் பாக்கி என்று நிம்மதியாக உட்கார்ந்தோம்.

தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மகள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். தான் அதில் ஏறப்போவதில்லை என்றாள்.

"நான் பாப்பா இல்ல. என் கிளாஸ் பசங்க பாத்தா சிரிப்பாங்க."

கொஞ்சிப் பார்த்தோம், அதட்டிப் பார்த்தோம். சைக்கிள் வாங்கித் தருவதாக அவள் நைனா சத்தியம் செய்தார். சைக்கிளும் வேண்டாம் என்றாள். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. உலகத்தில் எது வேண்டாமென்றாலும் சைக்கிள் வேண்டாமென்று சொல்கிற பெண் இல்லை அவள். ஊர் முழுக்கச் சொல்லிவைத்துவிட்டு இப்போது இவள் வரமாட்டேன் என்றால் நான் என்ன செய்வேன்? அழுகிற பிள்ளையைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனால் அது என்ன வேண்டுதல்?

திருவிழாவுக்கு முந்தின வாரம், பள்ளிக்கூடம் விட்டு வந்து கடையில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். தொண்டூரிலிருந்து சாதிச் சான்றிதழுக்கு வந்த ஒரு அம்மா, எல்லாரையும் போல விஷயத்தைக் கேட்டுவிட்டு, பேசாமல் ஒரு பொம்மையைத் தொட்டிலில் போட்டு எடுத்துக்கொண்டு போ, சாமி கோபித்துக்கொள்ளாது என்றாள். மகள் சந்தோஷமாகத் தலையைத் தூக்கி, தன் கரடிப் பொம்மையைத் தருவதாகச் சொன்னாள். எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. பொம்மையைக் கேட்டா நான் வேண்டிக்கொண்டேன் என்று கத்திவிட்டேன். அந்த அம்மா நகலை வாங்கிக்கொண்டு மீதிப் பேச்சைப் பேசாமலே போய்விட்டாள்.

மகள் பயப்படவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, அப்படியானால் என்ன கேட்டு வேண்டிக்கொண்டாய் என்றாள். நான் சொன்னேன். பிள்ளையிடம் சொல்லலாமா கூடாதா என்று யோசிக்கவே இல்லை. அவள் வருவதற்கு நாங்கள் எவ்வளவு நாள் காத்திருந்தோம், கேட்டைப் பிடித்துக்கொண்டு எப்படி நின்றேன், எதிர்வீட்டம்மா என் கையை எப்படி எடுத்துவிட்டார், எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, அவங்க ஏன் உன் கையை எடுத்தாங்க என்றாள். அப்போது எனக்குப் பாப்பா இல்லை, அதனால் என்றேன். வாய்ப்பாட்டு நோட்டை மூடினாள்.

"எனக்குந்தான் பாப்பா இல்ல. என் கையயும் எடுத்துடுவாங்களா?"

அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அடுத்து ஜெராக்ஸுக்கு வந்தவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டார்.

மறுநாள் அவளாகவே வந்து, தொட்டிலில் ஏறுகிறேன் என்றாள். ஆனால் யாரும் பார்க்கக் கூடாது. விடியற்காலையில், எல்லாரும் தூங்கும்போது, மேளம் இல்லாமல் போக வேண்டும். புடவையை மேலே இழுத்து மூடிக்கொள்வாள். இதற்குச் சம்மதமென்றால் சம்மதம்.

தெரு பார்க்க வேண்டும் என்பதற்காகத்தானே இத்தனை வருஷம்? யாருமே பார்க்காமல், திருட்டுத்தனமாகச் சுற்றிவிட்டு வருவதற்கா இவ்வளவும்? வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அவர் தோசையைப் பிட்டுக்கொண்டே, "வேண்டுதல் அம்மனுக்கா, தெருவுக்கா? அத மொதல்ல முடிவு பண்ணு" என்றார். அடுத்த தோசையை அவரே போய் ஊற்றிக்கொள்ளும்படி விட்டுவிட்டேன். ஆனாலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சிரிப்பார்களே என்று பயப்படுகிற பிள்ளையை, சிரிக்கிறவர்கள் நடுவில் தூக்கிக்கொண்டு போய் என் ரோஷத்தைத் தீர்த்துக்கொள்வது எனக்கே பிடிக்கவில்லை. சரி, விடியற்காலையே போகலாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு குளியலறையில் போய்க் கொஞ்சம் அழுதேன்.

ஆடி வெள்ளி. இருட்டு முழுசாகப் பிரிவதற்குள் குளித்து, மஞ்சள் உடுத்தி, செருப்பில்லாமல் கோயிலுக்குப் போனோம். பூசாரி கற்பூரம் காட்டினார். மகள் தூளிக்குள் படுத்து, புடவை ஓரத்தை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தலை முன்னால் அவள் நைனா பக்கமும், தூளிக்குள் அடங்காத கால் என் பக்கமும் இருந்தன. தூக்கினோம். சும்மாட்டின்மேல் கரும்பு அழுத்தியபோது, அரிசி மூட்டையைத் தூக்கியது மாதிரி இல்லை. உயிர் இருக்கிற கனம் வேறு.

கோயிலைத் தாண்டி எங்கள் தெருவுக்குத் திரும்பியதும் என் வீட்டுக்காரர் சட்டென்று நின்றார். முன்னால் போகிறவர் நின்றால் பின்னால் வருகிறவள் பாடு திண்டாட்டம். என்ன என்று கேட்டேன்.

"தண்ணி வுட்டுட்டாங்க" என்றார்.

திருவிழா என்பதால் அன்றைக்கு விடியற்காலையிலேயே எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் விட ஏற்பாடு. அதற்காக முந்தின நாள் தெரு வால்வைச் சரிசெய்து கொடுத்ததே இவர்தான். செய்துவிட்டு வந்து வீட்டில் மறந்துபோனார். தெருவில் தூங்குகிறவர் என்று ஒருவர்கூட இல்லை. அத்தனை பெண்களும் குடத்தோடு குழாயடியில் நின்றார்கள். கூழ் காய்ச்ச, வாசல் தெளிக்க என்று பிள்ளைகளும் பாத்திரம் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். மேளம் கொட்டிக் கூப்பிட்டிருந்தாலும் அவ்வளவு கூட்டம் கூடியிருக்காது. திரும்பிப்போகவும் வழியில்லை, இறக்கவும் முடியாது. எனக்கு ரோஷமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. உள்ளே இருக்கிறவள் அழுதுவிடக் கூடாதே என்கிற ஒரே நினைப்புத்தான். வேகமாகப் போய்விடலாம் என்று அவரைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

குழாயடிக்கு நேராக வந்ததும் பேச்செல்லாம் நின்றது. நிறைந்த குடத்திலிருந்து தண்ணீர் வழிகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு குரல் கேட்டது. தலையில் கரும்பு இருந்ததால் யாரென்று திரும்பிப் பார்க்க முடியவில்லை.

"இன்னாம்மா இது, இம்மாம் பெரிய பொண்ண தூளில போட்டு தூக்கினு போறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் தூளி ஆடியது. மகள் புடவையை விலக்கித் தலையை வெளியே நீட்டிவிட்டாள்.

"எங்கம்மா என்ன ரொம்ப நாளா கூப்ட்டாங்களாம். நான்தான் லேட்டா வந்தேன். அதான் பெருசா இருக்கறேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். சிரித்தார்கள். ஆனால் அது அவள் பயந்த சிரிப்பு இல்லை. யாரோ குலவையிட்டார்கள். வேண்டுதல் சுமந்து வருகிறவர்கள் காலில் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வழக்கம். அன்றைக்குத்தான் எல்லார் இடுப்பிலும் நிறைகுடம் இருந்ததே. முதல் குடம் என் பாதத்தில் விழுந்தபோது சில்லென்று உச்சிவரை ஏறியது. அப்புறம் வரிசையாக ஊற்றினார்கள். தெரு முழுக்கச் சேறாகிவிட்டது. வழுக்கும், பார்த்து வா என்று முன்னாலிருந்து அவர் கத்திக்கொண்டே போனார். மகள் புடவையை இரண்டு பக்கமும் நன்றாக விலக்கிவிட்டு, பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்த மாதிரி வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். தன் கிளாஸ் பையன் ஒருவனைக் கண்டதும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கையாட்டினாள். தனக்கும் தொட்டில் வேண்டுமென்று அவன் தன் அம்மாவிடம் கேட்பது என் காதில் விழுந்தது.

நாலு தெருவும் சுற்றிவந்து கோயில் வாசலில் இறக்கினோம். கால் தரையில் படவே இல்லை.

சாயங்காலம் அந்தக் கரும்பையெல்லாம் வெட்டித் தெருவுக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தோம். கடித்துச் சாப்பிட முன்பல் இல்லாததால், மகளுக்கு அவள் நைனா துண்டுதுண்டாகச் சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்போது, யார் யார் தண்ணீர் ஊற்றினார்கள் பார்த்தாயா என்று கேட்டார். எதிர்வீட்டம்மா குடத்தைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, முட்டிவலியோடு குனிந்து, என் பாதத்தில் ஊற்றிவிட்டுத் தொட்டுக் கும்பிட்டாராம். அவ்வளவு பக்கத்தில் நின்றவரை எப்படிப் பார்க்காமல் போனாய் என்று அவருக்கு ஆச்சரியம்.

நான் பார்க்கவில்லை. தோளில் வைத்திருந்தவருக்குத் திரும்பிப் பார்க்க முடிந்தது, தலையில் வைத்துக்கொண்டால் கழுத்து திரும்பாது. தெருவில் யார் நின்றார்கள், எப்படிப் பார்த்தார்கள், எதுவும் எனக்குத் தெரியாது. வழி நெடுக என் கண்ணுக்கு நேராக இருந்ததெல்லாம் மஞ்சள் புடவைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு உள்ளங்கால்கள்தான். கைக்குழந்தையாக இருக்கும்போதே தூக்கியிருந்தால் அவை மண்ணைத் தொடாத பாதங்களாக இருந்திருக்கும். இவை ஓடியாடித் திரிந்த பாதங்கள். குதிகாலில் வெடிப்பு, கட்டைவிரலில் கல் இடித்த காயம், எவ்வளவு தேய்த்துக் குளிப்பாட்டியும் போகாத செம்மண். இவ்வளவு நாள் என் வீட்டில், என் கண்முன்னால் ஓடிக்கொண்டிருந்த கால்கள் அவை என்று நினைக்க நினைக்க எனக்குக் கொள்ளாத சந்தோஷமாக இருந்தது.

எதிர்வீட்டம்மாவின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கலாம். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.